பேனர் அண்ணாச்சி போட்ட ரிப்போர்ட்

சயான் சிக்னலைத் தாண்டிச் செம்பூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பையில் சில சட்டைகள், ஒரு லுங்கி, மூடி விரிசல் விட்ட லேப்டாப் ஒன்று. தாராவியில் ஒரு வேலையை உதறிவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தேன். இப்படி நடக்கும்போது மனது லேசாக இருக்க வேண்டும். எத்தனையோ வேலைகளை விட்டு நடந்தவன் நான், எனக்கு அது தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் முதல் விளக்குக் கம்பத்திலேயே அவர் இருந்தார்.

யாருக்கோ பிறந்தநாள் பேனர். அதன் கீழே வலது மூலையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் தாடையில் கை வைத்தபடி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கம்பத்தில் ஒரு காதணி விழா. அதிலும் மூலையில் அவர். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கண்ணீர் அஞ்சலி. அதிலும் அவர், அதே சிரிப்போடு. யாரை விட்டு விலகி நடக்கிறோமோ அவரே நமக்கு முன்னால் போய்க் கம்பத்துக்குக் கம்பம் நின்று வரவேற்றால், மனிதன் எந்தப் பக்கம்தான் நடப்பது?

இந்த மும்பையில் நான் பொறாமைப்படாத ஆள் கிடையாது. ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தவன், மழைக்காலத்தில் ஒழுகாத கூரைக்குக் கீழே இருப்பவன், குழாயடியில் எனக்கு முன்னால் நிற்பவன் என்று எல்லோரையும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் சில்லறைப் பொறாமை. குர்லா வருவதற்குள் மறந்துவிடும். முழு நேர வேலையாக, விடுமுறை எடுக்காமல், சாப்பிடுவதற்கு முன்பும் சாப்பிட்ட பின்பும் நான் பொறாமைப்பட்டது உலகத்தில் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான். அவர்தான் பேனர் அண்ணாச்சி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று தாராவியில் யாருக்கும் தெரியாது. தெருவில் பேனர் டிசைன் பண்ணும் கடை வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, எந்நேரமும் ஓடும் ஒரு ஃபேன். பிறப்பு, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, சாவு என்று மனித வாழ்க்கையில் எது நடந்தாலும் அது அவர் கடை வழியாகத்தான் போக வேண்டும். போகிறபோது மூலையில் அவர் படமும் ஒட்டிக்கொள்ளும். யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"படம் வரைஞ்சவன் கையெழுத்துப் போடுதாம்லா? எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காது. மூஞ்சி நல்லாருக்கும்."

இந்தப் பழக்கத்தால் ஒரு தடவை வம்பு வந்தது. ஆண்டாப் ஹில்லில் ஒரு பெரியவர் தவறிப்போனார். அஞ்சலி பேனரில் அண்ணாச்சி தன் வட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார். வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர்கள், இறந்தவர் இரண்டு பேர் என்று எண்ணி இரண்டு மாலை வாங்கி வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து அந்த வீட்டு ஆட்கள் மிச்ச மாலையோடு கடைக்கே சண்டைக்கு வந்தார்கள். நானாக இருந்தால் பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன். அண்ணாச்சி எழுந்து நின்றார், மாலையை வாங்கினார், கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ரோசாப்பூ என்ன வெல விக்கிது. வீணாக்கலாமா?" என்றார்.

சண்டைக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். போகும்போது பேரப்பிள்ளையின் காதணி விழாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை நான் பக்கத்துக் கடை வாசலில் நின்று பார்த்தேன். என்னிடமும் இரண்டு தடவை ஆட்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் அடி விழுந்தது.

அந்தப் பக்கத்துக் கடைதான் சுல்தான் பாயின் தோல் பை பட்டறை. பாய் மேலப்பாளையத்துக்காரர். நான் அங்கே சேர்ந்தபோது தோல் கட்டு தூக்கினேன். அதற்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தேன். வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். டிராம்பேயில் லாரி கழுவினேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு ஒத்துப்போகவில்லை. திலக் நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. கூலிக்குப் பதிலாகக் கடைசி வரிசை மெஷினில் உட்கார விட்டார்கள். அங்கேதான் எக்ஸெல் கற்றுக்கொண்டேன். அந்த லேப்டாப்பும் அவர்கள் ஒதுக்கிப் போட்டதுதான். ஆகவே பாயின் பட்டறையில் பகலில் தோல் கட்டு தூக்குவேன், மாலையில் எத்தனை பை வெட்டினார்கள், எத்தனை தைத்தார்கள், எத்தனை பழுதாகிக் கழிந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். படுப்பது பட்டறைத் தரையில், பசை டப்பாக்களுக்குப் பக்கத்தில். அந்த வாசனை பழகிவிட்டால் தூக்கம் நன்றாகவே வரும். காலையில்தான் கொஞ்சம் தலை சுற்றும்.

அண்ணாச்சியோ பகல் பன்னிரண்டுக்குக் கடை திறப்பார். சாயாக்காரன் எனக்குக் கட்டிங் டீயை, அந்தச் சின்னக் கிளாஸிலும் முக்கால் வரைக்கும்தான் ஊற்றுவான். அவருக்கு ஏடு மிதக்க நிரப்புவான். அவர் கேட்டதில்லை. குழாயடியில் பெண்கள் அவருக்கு வழிவிடுவார்கள். கேட்டதில்லை. அவருக்கு முடிகூட ஐம்பது வயதில் அப்படியே இருந்தது. அதையும் அவர் கேட்டு வாங்கியிருக்க முடியாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாரி, உம்ம போட்டோ ஒண்ணு குடும்வே."

"எதுக்கு அண்ணாச்சி?"

"வச்சிருப்பம். என்னைக்காவது ஒரு பேனர்ல ஏத்திருவேன்."

"எனக்கு வேண்டாம்."

"மூஞ்சிய ஒளிச்சி வச்சி என்னவே பண்ணப் போறீரு, வட்டிக்கா விடப்போறீரு?"

நான் கொடுக்கவில்லை. அவருடைய வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டமாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பட்டறைக்கு ஒரு சிக்கல் வந்தது. பாயிடம் பை வாங்கும் கம்பெனியிலிருந்து காயத்ரி மேடம் போன் செய்தார். மாட்டுங்காப் பெண். சின்ன வயது, கறாரான பேச்சு. கடைக்குப் போன பைகளில் கைப்பிடி அறுந்து நிறையத் திரும்பி வருகிறதாம். எந்த இடத்தில், எதனால் பழுதாகிறது என்று விவரமாக ரிப்போர்ட் தயாரித்துக் காட்ட வேண்டும். நேரில் வந்து பார்ப்பார். திருப்தியாக இல்லையென்றால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் பட்டறையில் அத்தனை பேரும் சாப்பிட்டோம்.

பாய் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "ரிப்போர்ட்டு போடுதவன் எவனா இருந்தாலும் சரி. அந்தப் பிள்ள அதைப் பாத்துத் தலையாட்டிட்டான்னா, மேல் அறை அவனுக்கு. நாற்காலி, மேசை, ஃபேன் எல்லாம் உண்டு. ராத்திரி அங்கனயே படுத்துக்கிடலாம். மாசாமாசம் ரிப்போர்ட்டு அவன் பொறுப்பு."

அந்த மேல் அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பசை டப்பா கிடையாது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் பட்டறையில் நான் மட்டும்தான். அன்று ராத்திரியே மனதுக்குள் என் லுங்கியை அந்த அறைக் கொடியில் காயப்போட்டுவிட்டேன்.

ஆனால் பாய் எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டார். எந்த சாஃப்ட்வேரில் ரிப்போர்ட் போடுவது என்று அவர் விசாரித்த விதம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருந்தது. எந்த ஊர்க்காரர் செய்தது, எத்தனை வருஷமாக இருக்கிறது, பெயர் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அந்தேரியிலிருந்து டை கட்டின ஒருவன் வந்து, மாதச் சந்தா கட்டினால் இன்டர்நெட்டில் ஓடும் ஒரு டாஷ்போர்டைக் காட்டினான். திரை முழுக்க முள் ஆடும் வட்டங்கள். பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வண்டி ஓட்டுதவனுக்குல்லா ஆகும். நான் பை தைக்கிறவன்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து என் முறை. எக்ஸெல்லைத் திறந்து வைத்தேன். வரிசை வரிசையாக, தேதிவாரியாக, கூட்டல் போட்டு, ஒரு தப்பு கிடையாது. பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜன்னல் கம்பி மாதிரியில்லா இருக்கு. உள்ள யாரு இருக்கா?"

"உள்ள நம்பர் இருக்கு முதலாளி."

வாசலில் டீயோடு நின்ற அண்ணாச்சி கழுத்தை நீட்டிப் பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"மூஞ்சியே இல்லாத நம்பர எவன் நம்புவான் பாய்?" என்றார்.

அப்போதே அந்தக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சவாலாக எடுத்துக்கொண்டு பவர்பாயிண்டுக்கு மாறினேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அத்தனை நம்பரையும் படங்களாக்கினேன். ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பக்கத்திலிருந்து பறந்து வந்து உட்காரும்படி வைத்தேன். காலையில் காட்டியபோது முதல் வார்த்தை சுழன்றுகொண்டு வந்தது. பாய் தலையைக் குனிந்து ஒதுங்கிக்கொண்டார். கடைசி வரைக்கும் நாற்காலி நுனியில்தான் இருந்தார், அடுத்தது எந்தப் பக்கமிருந்து வரும் என்று.

"சரி, இதையும் காட்டு. எதுக்கும் அண்ணாச்சியும் ஒண்ணு போடட்டும்" என்றார்.

"அவருக்கு ரிப்போர்ட் தெரியாது முதலாளி. பேனர்தான் தெரியும்."

"அதான் சொல்லுதேன். ஒரு பேனர் போடட்டும். சுவர்ல ஓட்டையாவது மறையும்."

பாய் சொன்னதால் என் எக்ஸெல்லை அண்ணாச்சி கடைக்கு நானே எடுத்துப்போனேன். அந்த நம்பர்களைப் பார்த்து அவர் அசரவே இல்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இதுல எது நல்ல நம்பரு, எது கெட்ட நம்பரு? அத மட்டும் சொல்லும். நல்லதுக்குப் பச்ச, கெட்டதுக்குச் செவப்பு."

"அவ்வளவுதானா? ஒப்பீடு வேண்டாமா? மூணு மாசச் சராசரி?"

"சராசரிக்கு மூஞ்சி இருக்காவே?"

பிறகு செல்போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போய், வெட்டுகிறவர், தைக்கிறவர், பசை போடுகிறவர் என்று ஒருவர் விடாமல் நிறுத்திப் படம் எடுத்தார். எல்லோரும் தலையைச் சீவிக்கொண்டு வந்தார்கள். இசாக் என்கிற தையல்காரர் சட்டையே மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி என் பக்கமும் போனை நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மேடம் வந்த அன்று பாய் ஒரு பெரிய டிவி இரவல் வாங்கி வைத்திருந்தார். லேப்டாப்பை மாட்டினேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். நான் இங்கிலீஷில் எழுதியிருந்தேன். என் இங்கிலீஷும் எட்டாம் வகுப்போடு நின்றதுதான், ஆனால் நிமிர்ந்து நின்றது. பின்னால் பட்டறை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். படம் போடுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பினார்கள்.

"நன்னா பண்ணிருக்கேள்" என்றார் மேடம், கொட்டாவியை உதட்டுக்குள்ளேயே மடக்கி. "இன்னும் எத்தனை இருக்கு?"

"பாதி வந்தாச்சு மேடம்."

"அச்சா. கைப்பிடி விஷயம் எங்க வரது?"

"கடைசியில வருது. முதல்ல கம்பெனி வரலாறு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேகமாகத் தள்ளினேன். வேகமாகத் தள்ளினால் பறந்து வருகிற வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கைப்பிடி வந்து சேர்வதற்குள் மேடம் மொபைலில் இறங்கிவிட்டார். பாய் மெதுவாக அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி விசில் அடித்தார். இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். சுவர் முழுக்கப் பேனர் விரிந்து இறங்கியது.

நடுவில் சுல்தான் பாய். கல்யாணக் காலத்துப் படம், கை கூப்பியபடி. தலைக்குப் பின்னால் சூரியன் மாதிரி மஞ்சள் கதிர்கள். இரண்டு பக்கமும் மயில். மேலே கொட்டை எழுத்தில் "மாபெரும் மாதாந்திர ரிப்போர்ட் விழா". ஏதோ காதணி விழாவுக்குப் போட்டதை மாற்றிச் செய்திருக்கிறார், கீழே "அனைவரும் வருக வருக" என்பது அப்படியே இருந்தது. பாயைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பட்டறை ஆட்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் அவரவர் நம்பர், பச்சையிலோ சிவப்பிலோ. வலது மூலையில் தாடையில் கை வைத்து அவர்.

மேடம் எழுந்துவிட்டார். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஆனா இது புரியறது. இது யாரு, சிவப்பா இருக்கே?"

வெட்டு மேசையை விட்டு எல்லோரும் ஓடி வந்திருந்தார்கள். சிவப்புக்கு மேலே இருந்தது முத்தையா அண்ணனின் முகம். பட்டறையிலேயே மூத்த வெட்டு ஆள். பாயிடம் அவர் பேசி நான் கேட்டதெல்லாம் "ஆமா முதலாளி", "சரி முதலாளி" இரண்டும்தான்.

"இது நானா?" என்றார் அவர்.

"நீருதான். நல்லா வந்திருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி.

"மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. கீழ என்னவே, ரத்தமா சிந்துது?"

"கைப்பிடி அந்து திரும்பி வந்த பை."

"அத ஏன் எனக்குக் கீழ தொங்கப் போட்டீரு?"

"கைப்பிடி வெட்டுதது நீருதான?"

"வெட்டுதது நான். தைக்கிறது இசாக்கு. அவன் மட்டும் பச்சப்பசேல்னு நிக்கான்."

இசாக் முன்னால் வந்தார். "அண்ணே, என் தையல் ஒண்ணுகூடப் பிரியல. அந்தப் பையக் கொண்டாங்க, காட்டுதேன். தையல் பக்கத்துல தோலுதான் கிழிஞ்சிருக்கு."

"கிழியாம? வயித்துத் தோல்ல கைப்பிடி வெட்டுனா அது இழுத்துட்டுக் கிழியத்தான் செய்யும். முதுகுத் தோல்னா கிழியுமா?"

சொல்லிவிட்டு முத்தையா அண்ணன் வாயை மூடிக்கொண்டார். மேடம் விடவில்லை.

"அப்புறம் ஏன் வயித்துத் தோல்ல வெட்டறேள்?"

முத்தையா அண்ணன் பாயைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு பேனருக்கு நேராக நடந்துபோய், கதிர் வீசும் அந்தப் பெரிய முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவரு சொன்னாரு மேடம்."

பட்டறையில் தையல் மெஷின் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"ஏய் முத்தையா, யாரச் சொல்லுத?" என்றார் பாய்.

"உங்களச் சொல்லல முதலாளி. உங்கள நான் சொல்லுவனா? இந்தா, இந்தப் படத்துல நிக்காருல்லா, இவரச் சொல்லுதேன். மழைக்காலத்துல தோலு வெல ஏறுனப்ப, முதுகுத் தோல வீணாக்காத, கைப்பிடிக்கு வயித்துத் தோலு போதும்னு இவருதான் சொன்னாரு. நான் ஆமா முதலாளின்னேன், இவருகிட்ட."

பாய் தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இவரா அப்படிச் சொன்னாரு?"

"இவருதான்."

"விவரங்கெட்ட மனுஷன்" என்றார் பாய்.

முதலில் சிரித்தது மேடம்தான். "அப்போ இவர்ட்ட சொல்லிடுங்கோ. கைப்பிடிக்கு முதுகுத் தோல்தான். இல்லேன்னா அடுத்த மாசம் நான் வரமாட்டேன்."

"சொல்லிருதேன் மேடம். நான் சொன்னா கேப்பாரு."

ஆர்டர் கைவிட்டுப் போகாமல் எங்களிடமே நின்றது. மேடம் பேனரைப் படம் எடுத்துக்கொண்டு, மாதாமாதம் இதே மாதிரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதே நம்பர் என் ரிப்போர்ட்டிலும் இருந்தது. மழைக்காலத்திலிருந்து கைப்பிடிப் பழுது ஏறுகிறது என்று அழகான வரைபடமே போட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒருவரும் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தால் கோபம் வர வேண்டும் என்று திலக் நகர் வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணாச்சிக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். முகம் போட்டால் அழகாக இருக்கும் என்று நினைத்தார், போட்டார், நடந்துவிட்டது. அவருக்கு எல்லாம் இப்படித்தான் நடக்கும்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு ராத்திரி புரண்டு படுத்துவிட்டு எழுந்திருப்பேன். கூட்டம் கலைந்தபிறகுதான் பேனரின் இடது கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு வட்டம். அதற்குள் நீலக் கண்ணும் செம்பட்டை முடியும் உள்ள ஒரு வெள்ளைக்காரன். கோட் போட்டு, டை கட்டி, லேப்டாப்பை அணைத்துக்கொண்டு, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறான். கீழே எழுதியிருந்தது, "கணக்கு: மாரியப்பன்".

"என்ன அண்ணாச்சி இது?"

"நீரு போட்டோ தரல. வட்டத்தச் சும்மா விடமுடியுமா? இன்டர்நெட்ல தேடுனேன். லேப்டாப்போட நிக்கிற ஆளு இவன்தான் ஆம்புட்டான்."

"என்ன மாதிரியா இருக்கான்?"

"சாடை இல்லதான். ஆனா உழைப்பாளி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அதற்குள் பசை போடுகிறவர்கள் என்னை "துரை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சாயாக்காரன், "தொரைக்கு ஒரு கட்டிங்" என்று நீட்டினான். அதிலும் முக்கால் கிளாஸ்தான்.

பாய் மேல் அறைச் சாவியை அண்ணாச்சியிடம் நீட்டினார். ஆகப் பெரிய அநியாயம் இங்கேதான் நடந்தது. அவர் வாங்கவில்லை.

"எனக்கெதுக்கு பாய் மேல் அறை? ஏறி இறங்க முட்டி வலிக்கும். கடையில சாவு பேனர் ரெண்டு கெடக்கு, நான் வாரேன்."

போய்விட்டார். எந்த ஜன்னலுக்காக ராத்திரியெல்லாம் கண் விழித்தேனோ, அதை வெற்றிலை வேண்டாம் என்கிற மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாய் அந்தச் சாவியை அப்படியே என் பக்கம் திருப்பினார்.

"அண்ணாச்சி வேண்டாம்னுட்டாரு. அப்ப நீ வச்சிக்கோ."

அந்தச் சாவியை நான் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. அந்த அறையில் படுத்தால் ஒவ்வொரு ராத்திரியும் அவர் வேண்டாமென்று விட்டதன் மேல்தான் படுக்க வேண்டும் என்று தோன்றியது. சாவியை மேசையில் வைத்தேன். பையை எடுத்தேன். தெருவில் இறங்கியபோது அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கவே, பையும் கையுமா?"

"போறேன்."

"போட்டோவக் குடுத்துட்டுப் போம்வே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி நடந்துதான் சயான் சிக்னலில் அவரிடமே மாட்டினேன், விளக்குக் கம்பத்தில். செம்பூர் வரைக்கும் அவர் கூடவே வந்தார். ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு கோயில் கொடை, ஒரு கபடிப் போட்டி. ஸ்டேஷன் வாசலில் ஒரு பேனர் மழையில் நைந்து, அதிலிருந்த எல்லா முகமும் அழிந்து, மூலை வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மையில்கூட அவருக்குத்தான் நல்ல மை. பிளாட்பாரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். புதிய இடமில்லை, முன்பு படுத்ததுதான்.

மறுநாள் காலை ஹார்பர் லைன் ரயிலில் வாஷிக்குப் போனேன். மார்க்கெட்டில் முன்பு மூட்டை தூக்கின கடைக்குப் பக்கத்தில், தென்காசிப் பக்கத்து வெங்காய மொத்த வியாபாரி ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். லாரியில் வருகிற வெங்காயம் எங்கே அழுகுகிறது, ஏற்றும்போதா, வழியிலா, கிடங்கிலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கணக்கு எழுத ஆள் இருக்கிறது, அதை நாலு பேருக்குப் புரிகிறமாதிரி காட்டத்தான் ஆள் இல்லை என்றார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பார்த்தார்.

"ரிப்போர்ட்ட எதுல போடுவ?"

எக்ஸெல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடை வாசலில் லாரி டிரைவர், ஏற்றுக்கூலிக்காரர், கிடங்குக்காரர் மூன்று பேரும் யார் மேல் தப்பு என்று ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றும் நல்ல முகங்கள்.

"பேனர்ல" என்றேன்.

"பேனர்லயா? அத யாரு பண்ணுவா?"

"தாராவில ஒருத்தர் இருக்காரு. அவர விட்டா இந்த ஊர்ல ஆள் கிடையாது."

இதைச் சொன்னது என் வாய்தான். வியாபாரி யோசித்துவிட்டு, சரி, இன்றைக்கே வேலைக்கு வா என்றார். கிடங்குக்குப் பின்னால் படுத்துக்கொள்ள இடம் இருந்தது. ஜன்னல் இல்லை, ஆனால் பசை டப்பாவும் இல்லை.

வெளியே வந்து போன் போட்டேன். பகல் பன்னிரண்டு ஆகவில்லை, எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். எங்கே இருக்கிறேன், ஏன் போனேன் என்று எதுவும் கேட்கவில்லை. வெங்காயக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "மொதல்ல போட்டோவ அனுப்பும்வே. அந்த வெள்ளக்காரன இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது" என்றார்.

வெங்காய மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றேன். தலையைக் கையாலேயே சீவிக்கொண்டு, தாடையில் கை வைத்து, ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.